பொட்டு வைக்காத பத்து ரீல்

முதல் தடவை எண்ணினேன், அறுபத்திரண்டு. கண் தவறியிருக்கும் என்று ஸ்டூலைப் போட்டு ஏறி மேல் தட்டிலிருந்து மறுபடி எண்ணினேன். அறுபத்திரண்டு. ஸ்டூலை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டால் கூடுமோ என்று அதையும் செய்து பார்த்தேன். செம்புக் கம்பி ரீலுக்கு என் கஷ்டம் எங்கே தெரியப் போகிறது? ரேக்கில் தொங்கும் பின் கார்டு என்கிற கணக்கு அட்டையில், வந்ததைக் கூட்டிப் போனதைக் கழித்து இருப்பு எழுபத்திரண்டு என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. தண்டலத்தைத் தாண்டி பெங்களூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மோட்டார் பம்ப் செட் செய்கிற கம்பெனி. நான் ஸ்டோர்ஸ் கிளார்க். அடுத்த மாதம் புரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமாக வேண்டும். குன்றத்தூரில் எங்கள் வீட்டில் அதை நம்பி எனக்குப் பெண்ணே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை ஸ்டாக் எடுப்பு.

எப்படிக் குறைந்தது என்று எனக்குத் தெரியும், அதுதான் கொடுமை. ஒரு மாதத்துக்கு முன் பர்ச்சேஸ் பார்க்கிற தயாளன் ஒரு பில்லோடு வந்தார்.

"பத்து ரீல் வந்துச்சு தம்பி. கம்பி சுத்தற வைண்டிங் செக்ஷன்ல அவசரம்னாங்க, நேரா அங்கயே எறக்கிட்டேன். மீதி சாயங்காலம் உன் ரேக்குக்கு வந்துடும். ஜி.ஆர்.என். மட்டும் போட்டுடு."

ஜி.ஆர்.என். என்பது சரக்கு வந்து சேர்ந்தது என்று ஸ்டோர்ஸ் கொடுக்கிற சீட்டு. அதில் என் கையெழுத்து விழுந்தால்தான் சப்ளையருக்குப் பணம் போகும். தயாளன் பில்லோடு ஒரு வடைப் பொட்டலமும் கொண்டுவந்திருந்தார். வடை மூன்று என்று எண்ணியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. ரீலைத்தான் எண்ணவில்லை. பத்து வந்ததாக எழுதி, கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்தும் போட்டேன். சாயங்காலம் ரேக்கைப் பார்க்க வேண்டும் என்பது அடியோடு மறந்துபோனது.

வெள்ளிக்கிழமை காலையில் தயாளனிடம் ஓடினேன். அவர் பதறவே இல்லை. "அட, இதுக்குப் போயா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே? வைண்டிங்ல எங்கனா கெடக்கும். திங்கக்கிழமைக்குள்ள நான் பாத்துக்கறேன், நீ வாயத் தொறக்காதே" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

பூஜை

எங்கள் முதலாளிக்கு ஆயுத பூஜை என்றால் தனி வெறி. மெஷினுக்கு மட்டும் பொட்டு வைத்தால் போதாது. ஸ்டோர்ஸில் இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாக வேண்டும். அந்த வருஷம் ஸ்டோர்ஸுக்கு வாட்ச்மேன் ஆரோக்கியசாமியை அனுப்பினார்கள். வடக்குப்பட்டுக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கேட்டில் நிற்கிறார். சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாரோ இல்லையோ, ஆள் அடங்கவில்லை. ரீல், ரேக், தராசு, ஏணி, தீயணைக்கிற மணல் வாளி, கதவுப் பூட்டு எல்லாவற்றுக்கும் வைத்தார். மத்தியானம் பார்க்கிறேன், என் டிபன் பாக்ஸிலும் பொட்டு.

"இது எதுக்குண்ணே?" என்றேன்.

"ஸ்டோருக்குள்ளதானே கீது? அப்ப வெச்சிட வேண்டியதுதான்!" என்றார்.

எழுபத்திரண்டு

திங்கட்கிழமை முதலாளியே ஸ்டாக் எடுக்க வந்தார். பின்னால் தயாளன். நான் எண்ண எண்ண முதலாளி லெட்ஜரில் டிக் அடித்தார். செம்பு ரேக்குக்கு வந்தோம். எண்ணினேன். எழுபத்திரண்டு! அப்பாடா, பிழைத்தேன் என்று வாய்விட்டுச் சொல்லாததுதான் பாக்கி.

அப்புறம்தான் பார்த்தேன். கீழ்த் தட்டில் பத்து ரீல்களில் பொட்டு இல்லை. என்ன நடந்தது என்று அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பத்தும் ஒரு மாதமாக இங்கே இருந்திருந்தால் ஆரோக்கியசாமி கையிலிருந்து தப்பியிருக்காது. லீவு நாளில் எங்கேயோ கேட்டு வாங்கி, இன்றைக்குக் காலையில் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். ஸ்டோர்ஸின் மறு சாவி தயாளனிடம்தான் இருந்தது. எல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. கணக்கு சரியாகிவிட்டது, வேலை நிலைத்துவிட்டது, நமக்கென்ன என்று நின்றேன்.

முதலாளியும் பார்த்துவிட்டார். ஆனால் அவருக்கு வேறு கோபம்.

"இன்னாய்யா இது, பத்து ரீல் மூளியா நிக்குது? யாருய்யா இங்க பொட்டு வெச்சது?"

ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டார்கள். அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நான் ஒண்ணு வுடாம வெச்சேனே மொதலாளி..."

தயாளன் குறுக்கே புகுந்தார். "அவரு வேற சாமி கும்புடறவரு சார். நம்ம பூஜைன்னா ஏனோதானோன்னுதான் செய்வாரு."

"அப்படியா சேதி? லட்சுமிய அவமானப்படுத்தறவன் எனக்கு வேணாம். யோவ், கணக்க முடிச்சிக்கினு கெளம்பு!"

ஆரோக்கியசாமி நிமிர்ந்தார். "மாதா மேல சத்தியமா சொல்றேன் மொதலாளி. தராசுக்கு வெச்சேன், ஏணிக்கு வெச்சேன், இந்தத் தம்பி டிபன் பாக்ஸுக்குக்கூட வெச்சிக்கீறேன். பத்து ரீல வுட்டுடுவேனா? வேலைய வேணா எடுத்துக்கோங்க, இப்படி மட்டும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

அந்தத் தொப்பியை என்னால் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சார், அவர் மேல தப்பில்ல. அந்தப் பத்து ரீலும் பூஜையன்னிக்கு இங்க இல்லவே இல்ல" என்றேன்.

"இல்லியா? போன மாசமே வந்ததா லெட்ஜர்ல இருக்கே. யார் கையெழுத்து?"

"என்னுதுதான் சார். எண்ணாம போட்டேன்."

முதலாளி என்னைப் பார்த்தார், ரீலைப் பார்த்தார், பிறகு நிதானமாக ஆரோக்கியசாமி பக்கம் திரும்பினார். "காலைல ஏதாவது வண்டி வந்துதா?"

"ஏழு மணிக்கு தயாளன் சாரு வேன் வந்துச்சு மொதலாளி. வெளிய போற வண்டியத்தான் பாக்கணும், உள்ள வர்றத பாக்க வாணாம்னு அவருதானே சொல்லிக்கீறாரு?"

தயாளன் சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார். முதலாளி சப்ளையருக்குப் போன் போட்டு அதட்டியதும் மிச்சமும் வெளியே வந்தது. பில் மட்டும்தான் வந்தது, சரக்கு வரவே இல்லை. பணத்தை சப்ளையரும் தயாளனும் பிரித்துக்கொண்டார்கள். அன்று மத்தியானமே தயாளன் வேலை போய் வீட்டுக்குக் கிளம்பினார். எனக்கு நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. பெண் வீட்டாரும் தள்ளிப்போனார்கள், அது வேறு கதை.

முதலாளிக்கு மன்னிப்புக் கேட்கிற வழக்கம் கிடையாது. தொப்பியைத் தானே எடுத்து ஆரோக்கியசாமி தலையில் வைத்தார், அவ்வளவுதான். ஆரோக்கியசாமி என்னிடம் வந்து, "இன்னும் ரெண்டு நிமிசம் வாய மூடிக்கினு இருந்தியானா நான் சைக்கிள எடுத்துக்கினு போயிருப்பேன் தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு

அடுத்த வாரமே சில விஷயங்கள் மாறின. சரக்கு வாங்குகிறவர் சரக்கை இறக்கக் கூடாது, இறக்குகிறவர் பில் பாஸ் செய்யக் கூடாது. மறு சாவி முதலாளி மேஜைக்குப் போனது. உள்ளே வருகிற வண்டிக்கும் கேட்டில் ஒரு ரெஜிஸ்டர் வந்தது. ஆரோக்கியசாமி அதில் பால்காரன் சைக்கிளைக்கூட எழுதினார். ஸ்டாக் எடுப்பும் சொல்லாமல் கொள்ளாமல் வர ஆரம்பித்தது. இன்றைக்குக் கணக்குப் பார்க்கிற தம்பிகள் இதற்கு இன்டர்னல் கன்ட்ரோல் என்று பெரிய பேர் சொல்கிறார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: நல்லவனோ கெட்டவனோ, ஒரே ஆள் கையில் எல்லாவற்றையும் கொடுக்காதே. பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதே.

அது என் உடம்பில் ஊறியதா என்று முதலாளியே ஒரு நாள் பார்த்துவிட்டார். உச்சி வெயிலில் நாற்பது பெட்டி பேரிங்கோடு லாரி வந்தது. கூடவே முதலாளி. "டிரைவர் கத்தறான்யா, கையெழுத்து போட்டு அனுப்பு. நானே கூட வந்திருக்கேன்ல?"

என் நிரந்தரக் கடிதம் அப்போது அவர் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"எண்ணிட்டுப் போடறேன் சார்."

முதலாளி கர்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலிலேயே நின்றார். நான் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். நாற்பது.

"சரியாத்தானேய்யா இருக்கு?" என்று கத்தினார்.

"ஆமா சார். இப்பத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.