மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளிக்காசு

வெளி மாநிலத்தில் நாணயச் சாலையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றுக் கோட்டுச்சேரிக்குத் திரும்பியவன் நான். ஊரில் எனக்குப் பெயர் 'காசு அடிச்சவரு'. கேலிதான். ரெண்டு காசை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தேனா என்று கேட்காத ஆள் இல்லை. வேலை முடிந்து செருப்பைக் கழற்றிச் சோதனைக்குக் காட்டாமல் ஒருநாள்கூட நாணயச் சாலை வாசலைத் தாண்டியதில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சில்லறைக் காசு அடிப்பது பெரிய வித்தை இல்லை. வட்டமாக வெட்டிய உலோக வில்லைகள் வரிசையாக வந்து விழும். இரண்டு அச்சுக்கு நடுவே ஒரே அடி. காசு தொட்டியில் விழும், அதன்மேல் அடுத்தது விழுந்து கீறும். யாரும் கவலைப்படுவதில்லை. பஸ் கண்டக்டர் பைக்குள் போகிற காசுதானே.

சேகரிப்பவர்களுக்கு அடிக்கும் புரூஃப் காசு வேறு. வில்லையையே கண்ணாடிபோல் மெருகேற்றிக் கொடுப்பார்கள். அச்சிலும் தரைப்பகுதி மெருகாக இருக்கும். உருவம் வரும் இடத்தை மட்டும் மணல் பீய்ச்சி மங்கலாக்கியிருப்போம். அதனால்தான் காசின் தரை கண்ணாடியாகவும் உருவம் பனி படிந்ததுபோலவும் தெரியும். கையுறை போட்டு, ஒவ்வொரு வில்லையாக வைப்பேன். மெதுவாக, அதிக அழுத்தத்தில், ஒரு காசுக்கு இரண்டு அடி. ஓரத்தைப் பிடித்து எடுத்து, லென்ஸில் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக் டப்பிக்குள் மூட வேண்டும். ஒரு முடி மாட்டினாலும் காசு கழிவுதான்.

நான் அடித்த வரிசையில் ஒரு செட்டை, வெளியாள் மாதிரி விண்ணப்பம் போட்டு வாங்கினேன். அதில் பெரிய வெள்ளிக்காசு ஒன்று. அத்தனை வருஷ வேலையில் என் கையில் மிஞ்சியது அது மட்டும்தான்.

போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தால், செட்டில் வெள்ளிக்காசு இருந்த குழி காலி. டப்பி உடைந்து கிடந்தது.

"காசு எங்கடி?"

மனைவி சாமி மாடத்தைக் காட்டினாள். மஞ்சளில் நனைத்த துணியில் முடிந்து வைத்திருந்தாள். நான் பிழைத்து வந்தால் திருநள்ளாற்று உண்டியலில் போடுவதாக வேண்டுதல்.

"வீட்டுல வேற காசே இல்லையா?"

"சாமிக்கு முடியறதுக்குத் தேஞ்ச காசையா எடுப்பாங்க? இருக்குறதுல நல்லதா பாத்து எடுத்தேன். அந்த டப்பிய உடைக்கிறதுக்குள்ள எனக்கு உயிரு போயிடுச்சு."

முடிச்சை அவிழ்த்தேன். கண்ணாடித் தரையில் அவள் விரல் ரேகை, மஞ்சள் கறை, துணியால் அழுத்தித் துடைத்த கோடுகள். வேலையில் இருந்தபோது பார்த்திருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டிருப்பேன். இப்போது விட மனசில்லை. வேறு காசு போடலாம் என்றேன்.

"வேண்டிக்கிட்ட காச மாத்துவாங்களா? நீங்களே சாமிகிட்ட சொல்லிக்கிடுங்க, இது ரெண்டு அடி வாங்குன காசு, தர முடியாதுன்னு."

ஒரு வாரம் இதே சண்டை. சனிக்கிழமைக் கூட்டம் எனக்கு ஆகாது என்று புதன்கிழமை போனோம். உண்டியல் முன்னால் முடிச்சை என் கையில் கொடுத்தாள்.

"மனசோட போடுங்க. மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டுப் போடறதுன்னா வேணாம், வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடலாம்."

பின்னால் நின்றவர், "பெரியவரே, போட்டுட்டு நகருங்க, பஸ்ஸு போயிரும்" என்றார்.

"இவுங்க அடிச்ச காசுங்க. அதான் கை வரல" என்றாள் அவரிடம்.

"காசு அடிக்கிறவரா? அப்ப இன்னொன்னு அடிச்சுக்க வேண்டியதுதானே?"

திட்ட வாய் வந்தது. அதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். எடுத்துப் போகலாம் என்று சொன்னவளின் கண் என் கையிலிருந்த முடிச்சைவிட்டு நகரவில்லை. காசு வீடு திரும்பினால் வலியும் திரும்பும் என்று அவள் நம்பினாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இந்த முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பாள்.

துணியோடு போட்டேன்.

"மனசோடதான போட்டீங்க?"

"ஆமா."

பொய். கோபம் அன்றைக்கும் இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது. வெளியே வந்ததும் அவள் ஓட்டலில் இட்லி கேட்டு வாங்கி, சாம்பார் இன்னும் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டாள். நான் படுத்ததிலிருந்து அவள் வயிறாரச் சாப்பிட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.