யூலிதா கேட்ட குழாய்

கூட்டத்துக்கு வந்ததும் யூலிதா ஆண்களுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து, தக்கிளியை எடுத்து நூல் நூற்க ஆரம்பித்துவிடுவாள். அடுக்களையிலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. "காப்பி ஊத்தறதுக்குத்தான் பொம்பளைங்களா? இன்னிக்கு ஆம்பளைங்க ஊத்தட்டும், கை ஒண்ணும் தேய்ஞ்சிடாது."

இந்தத் தீமோர் மலை ஊரில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வாரச்சந்தையில் மக்காச்சோளம் விற்கிறாள். அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவனிடம், "சும்மாவே எடுத்துட்டுப் போ, உன் பொண்டாட்டிகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்பாள். அவன் வாயை மூடிக்கொண்டு முழு விலையையும் கொடுப்பான். நான் ஏதாவது அறிவுரை சொன்னால், "வாத்தியாரே, பாடத்தைப் புள்ளைங்களுக்கு நடத்துங்க" என்று முடித்துவிடுவாள்.

வறுமை ஒழிப்புத் திட்டத்தில் இந்த ஆண்டு ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம். எந்த வேலை என்பதை ஊரே கூடி முடிவு செய்ய வேண்டும். மேட்டுப் பகுதிப் பெண்கள் கேட்டது, ஊற்றிலிருந்து ஒரு குழாய். தலைவர் ஹெண்ட்ரிகுஸ் கேட்டது, தன் வீட்டு வழியாக ஒரு சிமெண்ட் சாலை. யூலிதாவின் மகள் நிறைமாதத்தில் தண்ணீர் சுமந்து, சரிவில் விழுந்து, பிள்ளையைப் பறிகொடுத்தவள். இப்போது மறுபடியும் வயிற்றில் பிள்ளை, இப்போதும் சுமக்கிறாள். அவள் சரிவில் இறங்கும்போதெல்லாம் நான் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுகிறேன்.

போன வியாழக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் சாலைக்காகப் பேசி முடித்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைச் சுற்றுக்கு விட்டார். இங்கே பெட்டியை நீட்டுவது கேட்பது. பாக்கை எடுப்பது சம்மதிப்பது. ஒருவர் எடுக்காவிட்டாலும் முடிவு செல்லாது. ஆனால் எடுக்க மறுப்பது முகத்தில் அடிப்பது மாதிரி, இதுவரை யாரும் செய்ததில்லை. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக எடுத்தார்கள். வெளியூர்க்காரனான எனக்குப் பெட்டி வராது.

பெட்டி யூலிதாவிடம் வந்தது. தக்கிளி நின்றது.

"எடு தங்கச்சி, பொழுது சாயுது" என்றார் தலைவர்.

"சாயட்டும் அண்ணே."

"எடுக்கலேன்னா என்னை அவமானப்படுத்தறேன்னு அர்த்தம்."

"உங்களைப் போயி அவமானப்படுத்துவேனா? நீங்க கேட்டுட்டீங்க. நான் இன்னும் கேக்கவே இல்லையே."

அவள் பெட்டியோடு எழுந்து போய், தலைவருக்கு எதிரில் மண்டியிட்டாள்.

"எம் பொண்ணு நடக்கற வழிக்குக் குழா வேணும். எடுங்க அண்ணே."

தலைவரின் கை முழங்காலை விட்டு அசையவில்லை. பெட்டியை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி, அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.