ஆளுக்கொரு பாட்டு: கேலரியில் டிரம்பெட் ஊதிய நாட்கள்

ஃபுட்பால் கேலரியில் டிரம்பெட் ஊதுகிறவன், ஜெயித்தால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். தோற்றால் எல்லார் கண்ணுக்கும் அவன்தான் முதலில் தெரிவான். பிறத்தியாருக்காகக் கத்தியோ, தட்டியோ, ஊதியோ கெட்ட பேர் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் அவர்களுக்காவது புரியும்.

அப்பாவுக்குக் கல்கத்தா துறைமுகத்தில், கிதர்பூர் டாக்கில் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கல்யாண பேண்டில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கிருந்து என்னை சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு இழுத்து வந்தவர் போம்பல்தா. எங்கள் கிளப் ரசிகர் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். பேருக்குப் பின்னால் 'தா' போட்டால் வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம். வாயால் இன்றைக்கும் அண்ணன் என்றுதான் சொல்கிறேன். மனசுக்குள் என்ன சொல்கிறேன் என்பது வேறு விஷயம்.

ஒரு தமிழ் டூயட்

மார்வாரி கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரை ஏறும்போது ஒரு பாட்டு, பெண் வீட்டு வாசலில் ஒரு பாட்டு என்று பிரித்து வைத்திருப்போம். அதையே கேலரிக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு சினிமாப் பாட்டு. பந்து அவன் காலுக்கு வந்ததும் முதல் இரண்டு வரியை ஊதுவேன். மூன்றாவது வரியை கேலரி பாடும். கோல்கீப்பர் பதறுகிற ஆள், அவருக்கு ஒரு இந்தித் தாலாட்டு. எல்லாம் டீக்கடை ரேடியோவில் ஓடுகிற பாட்டாக இருக்கவேண்டும். தெரியாத பாட்டை எவனும் கூடப் பாட மாட்டான்.

இடது ஓரத்தில் ஓடுகிற சேவியர் மட்டும் விதிவிலக்கு. அவன் வியாசர்பாடிக்காரன். அவனுக்கு ஒரு தமிழ் டூயட்டை ஊதினேன். என்ன பாட்டு என்று யாரிடமும் சொல்லவில்லை. மூன்றே ஆட்டத்தில் கேலரி முழுக்க 'லா லா' போட்டு அதைப் பாடியது. என் உடம்பு புல்லரித்தது. அந்த நேரம் பார்த்து போம்பல்தா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "ட்யூன் நான் எடுத்துக் கொடுத்தது. மெட்ராசிக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்?"

நாலு நிமிஷம்

ஜெயித்த பிறகு ஊதுவதற்கென்று தனியாக ஒரு பாட்டு உண்டு. ரெஃப்ரி கடைசி விசில் அடிக்கும்வரை அதைத் தொடவே கூடாது. ஒரு தடவை எதிர் கிளப்போடு பெரிய ஆட்டம். ஒரு கோல் முன்னால் இருக்கிறோம், நாலு நிமிஷம் பாக்கி. போம்பல்தா என் முதுகில் தட்டி, ஜெயிச்ச பாட்டை ஊது என்றார். இன்னும் முடியலையே போம்பல்தா என்றேன். நான் சொல்றேன், ஊது என்றார்.

ஊதினேன். மூன்றாவது வரி வருவதற்குள் எதிர் கிளப் கோல் போட்டுவிட்டது. நான் போம்பல்தாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, பின்வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்: "யாருப்பா உன்னை ஊதச் சொன்னது?"

கைப்பழக்கம்

அப்போது கல்கத்தாவில் சீசனுக்கு சீசன் ஆட்டக்காரர்கள் கிளப் மாறுவார்கள். சேவியர் எதிர் கிளப்புக்குப் போய்விட்டான். அந்தத் தமிழ்ப் பாட்டு இனிமேல் உன் டிரம்பெட்டில் வந்தால் கேலரிப் பக்கமே வராதே என்றார் போம்பல்தா. கல்யாணத்தில் நான் ஊதுவதை யார் கேட்கிறார்கள்? எல்லாருக்கும் சாப்பாட்டுப் பந்தி மேலேதான் கண். கேலரியில் ஒரு ஊரே என் பின்னால் பாடும். இந்த ஜென்மத்தில் எனக்கென்று இருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

அந்த சீசனில் எதிர் கிளப்போடு ஆட்டம், இரண்டாவது பாதி. ரெண்டு பக்கமும் கோல் இல்லை. எல்லாரும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இடது ஓரத்தில் ஒருவன் தோளைச் சாய்த்துப் பந்தோடு கிளம்பினான். அந்தச் சாய்வைத்தான் பார்த்தேன். ஜெர்சியின் நிறத்தைப் பார்க்கவில்லை. என்னைக் கேட்காமல் விரல் அமுங்கிவிட்டது. இரண்டு வரி. அதைவிடக் கொடுமை, பழக்கதோஷத்தில் எங்கள் கேலரியே மூன்றாவது வரியைப் பாடியது. சேவியர் நாலு பேரைத் தாண்டிக் கோல் போட்டான்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. முதலில் ஒரு செருப்பு வந்தது, அப்புறம் ஒரு பாட்டில். பாடினவன்தான் முதலில் எறிந்தான், நான் பார்த்தேன். டிரம்பெட்டைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு குனிந்தேன். ஒரு போலீஸ்காரர் என்னைப் பிடித்து மாடிப்படிக்கு அடியில் தள்ளினார். கூட்டம் கலைகிறவரை அங்கேயே கிடந்தேன். போம்பல்தா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது எதிர் கிளப் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலில் இருந்து சேவியர் கை ஆட்டினான்: "தேங்க்ஸ்ணா. பாட்டு கேட்டதும் கால் தானா ஓடிடுச்சு."

தனாகாவின் பதில்

அதோடு என் இடம் போனது. எனக்குப் பதில் ஒரு டேப் ரிக்கார்டரையும் லவுட் ஸ்பீக்கரையும் உட்கார வைத்தார்கள். சில வருஷம் கழித்து, சால்ட் லேக் செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு, தனாகா என்ற ஜப்பான்காரர் எங்கள் பேண்ட் ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பேஸ்பால் ஆடுவார்களாம், டிரம்பெட் வேண்டுமாம். போனால், கையில் கேசட்டோடு நிற்கிறார். அவர்கள் ஊரில் மட்டை பிடிக்க வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு பாட்டாம். சினிமாப் பாட்டு, ரேடியோப் பாட்டு, எது பிரபலமோ அது. இந்த ஊரில் நான் ஒருத்தன் யோசித்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே என்று எனக்குக் கொஞ்சம் ஆற்றாமைதான்.

அவர்கள் கட்சி ஆடும்வரை ஊதினேன். எதிர்க் கட்சி மட்டை பிடிக்க வந்தது, டிரம்பெட்டைத் தூக்கினேன். தனாகா என் கையை மெல்ல அமுக்கினார். எதிராளி ஆடும்போது இவர்கள் வாயே திறக்க மாட்டார்களாம். எனக்கு மனசு அரித்தது. எவனாவது கைதவறி எதிராளிக்கு ஊதிவிட்டால் அவனை என்ன செய்வீர்கள் என்று அவர்கள் கம்பெனி டிரைவர் மூலமாகக் கேட்டேன். தனாகா கூட ஆடுகிறவர்களையும் கேட்டுவிட்டு வந்தார். டிரைவர் இந்தியில் சொன்னான்: "அப்படி ஒருத்தன் அவங்க ஊர்ல இதுவரைக்கும் இல்லையாம்."

தோளில் தட்டு

அதே வருஷம் போம்பல்தா பெஹாலாவில் என் வீட்டுக்கே வந்தார். கிளப் தோற்றுக்கொண்டே இருந்தது. அடுத்த ஆட்டத்தில் ஜெயிக்காவிட்டால் கீழ் டிவிஷன். நீ வா, ஆனால் என் பக்கத்தில் உட்கார், நான் தோளில் தட்டினால் மட்டும் ஊது என்றார். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. அவர் போனதும் என் சம்சாரம், போகாதீங்க என்றாள். போனேன். வேறென்ன செய்ய?

கோல் இல்லாமலே கடைசி நிமிஷம் வந்தது. எங்களுக்கு ஒரு கார்னர். ஊது, ஊது என்று கேலரி முழுக்க என்னைப் பார்த்துக் கத்துகிறது. வாயில் டிரம்பெட்டை வைத்தபடி போம்பல்தாவின் கையைப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடி, தாயத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை அசையவில்லை. சொல்லாமல் ஊதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லி ஊதினாலும் என்ன ஆகும் என்று தெரியும். ஊதாமல் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

பந்து வந்தது. யாரோ தலையால் முட்டினார்கள். கோல்.

கேலரியே எழுந்து ஆடியது. போம்பல்தா அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்து, என் சட்டைக் காலரைப் பிடித்தபடி சொன்னார்: "முருகேஷ், இனிமே ஒரு ஆட்டம் விடக் கூடாது. இதே இடம், இதே சட்டை. டிரம்பெட்டைக் கொண்டு வா, ஆனா ஊதாதே."

பத்து வருஷம் மூச்சு முட்ட ஊதியும் நிலைக்காத இடம் ஊதாமல் இருந்ததற்கு நிலைத்தது, நானும் சொரணையில்லாமல் நாலு சீசன் அங்கே போய் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தேன்.