ஆற்றங்கரை ஹோட்டலும் கன்னியர் மடமும்

போன வருடம், அவர்கள் குடியிருக்கும் மவுண்ட் ரோஸ்கில் பஸ் தரிப்பில் சிவனேசன் நெஞ்சைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார். இரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவர் மனைவி குணவதிக்குப் படிகளைக் கண்டாலே பயம். “கவனமாக இருந்தால் பயணம் போகலாம்” என்று டாக்குத்தர் சொன்னதில், அந்தக் ‘கவனம்’ மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

ஜெர்மனியில் இருக்கும் தம்பி விமலனைச் சிவனேசன் கண்டு முப்பது வருடத்துக்கு மேல். இருவரும் பிராக் நகரில் சந்திப்பதாக ஏற்பாடு. மகள் ஷாமளா அங்கே இரண்டு ஹோட்டல்களைப் பார்த்து வைத்திருந்தாள்.

“இண்டைக்கே ஒண்டைச் சொல்லுங்கோ அம்மா. இல்லாட்டி ரெண்டும் போயிடும்,” என்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஒன்று ஆற்றங்கரையில் பழைய வீடு. ஜன்னலெல்லாம் பூச்சாடி, பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் அறை மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது, சுற்றிச் சுற்றி ஏறும் மரப்படிதான். மற்றது முன்பு கன்னியர் மடமாக இருந்த இடம். அங்கே லிஃப்ட் உண்டு. ஆனால் கட்டடத்துக்கு அடியில், செத்துப்போன கன்னியர்களை அடக்கம் செய்த நிலவறையும் உண்டு. பிணக்குழிக்கு மேலே படுத்தெழும்பி, அந்தத் தீட்டுத் துடக்கோடு எப்படிச் சாமிக்கு விளக்குக் கொளுத்துவது?

குணவதி வேலியோரக் கமேலியாப் பூச்செடிகளில் சிவப்பொன்றும் வெள்ளையொன்றும் பறித்தாள். தனித்தனியே கடதாசியில் சுற்றி, குலுக்கி, பிள்ளையார் முன் போட்டாள். சிவப்பென்றால் ஆற்றங்கரை; வெள்ளையென்றால் மடம். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு.

மூன்று மாடிப் படியும் அவள் கண்முன் வந்து நின்றது. மறுபடி போட்டுப் பார்ப்பது சாமியைச் சந்தேகிப்பது போலாகிவிடும்.

“இஞ்சேருங்கோ, பூப் போட்டுப் பாத்தனான்.”

“ஹோட்டலுக்கோ? பிள்ளையாருக்கு ட்ராவல் ஏஜென்ட் வேலையும் குடுத்திட்டீரே?”

“பகிடி விடாதேங்கோ. ஆத்தங்கரை எண்டு வந்திட்டுது.”

சிவனேசனின் சிரிப்பு நின்றது. “அப்ப சரி. மெல்ல மெல்ல ஏறுவம்,” என்றார். சொல்லும்போதே அவர் கை நெஞ்சைத் தடவியது. அது அவருக்கே தெரியவில்லை.

“உங்களுக்குப் பயமில்லையே?”

“இஞ்ச பாரும் குணம், பயம்தான். எங்கட வாசல் படியிலயே மூச்சுப் பிடிச்சுத்தான் ஏறுறன். சொன்னால் நீர் பயணத்தை நிப்பாட்டிப்போடுவீர். தம்பியைக் காணாமலே போயிடுவனோ எண்டு அது வேற பயம்.”

குணவதி எழுந்து சாமியறைக்குப் போனாள். “அப்பனே, நீ சொன்னதை நான் கேக்கேல்லை. குற்றமெண்டால் என்னில போடு. அவரில போடாதை.”

பிறகு மகளைத் தொலைபேசியில் அழைத்தாள். “மடத்தைப் போடு பிள்ளை.”

“ஆர் யூ ஷுவர் அம்மா? கீழ சவக்குழியெல்லாம் இருக்கு.”

“கிடக்கட்டும். அதுகளும் கடவுளைக் கும்பிட்ட மனுசியள்தானே.”

தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று முழுக்கச் சிவனேசன் இருமினாலும் தும்மினாலும், தண்டனை வந்துவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தாள்.