அமெரிக்காவில் ஓர் ஆர்.சி. ஜெயித்தபோது

அமெரிக்காவில் யார் ஜனாதிபதியானால் பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கும் ஒரு டைப்பிஸ்டுக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வந்தது. 1960 நவம்பரில் அந்தத் தேர்தல் முடிவை ரேடியோவில் கேட்டபோது, எனக்குக் கல்யாணமே நிச்சயமாகிவிட்டதுபோல் குதித்தேன். புத்தி கெட்டவள்.

நாங்கள் புராட்டஸ்டண்டு. நான் கட்டிக்கொள்ள நினைத்தவர் கத்தோலிக்கர். எங்கள் பேச்சில் அவர்கள் ஆர்.சி.க்காரர்கள். எங்களுக்குச் சர்ச், பாஸ்டர்; அவர்களுக்குக் கோயில், சாமியார். இரண்டு பேருக்கும் கும்பிடுகிற ஆண்டவர் ஒருவர்தான், ஆபீசுக்கு ஏறுகிற பஸ்கூட ஒன்றுதான். ஆனாலும் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. அம்மா போனபின் என்னைத் தனியாளாக வளர்த்தவர் அப்பா. பள்ளிக்கூட வாத்தியார். ஒரு வருஷமாக அவரிடம் ஒரே பதில்தான்.

"பையன் நல்ல பையன்தான்மா. ஆனா அவங்களுக்கு போப் சொன்னா சொன்னதுதான். நாளைக்கு உன் புள்ளய நம்ம சர்ச் வாசப்படி மிதிக்க விடமாட்டாங்க."

அது வீண் பயம் இல்லை. ஆர்.சி. ஒருவர் வெளியில் கல்யாணம் செய்தால், பிறக்கும் பிள்ளைகளுக்குத் தங்கள் கோயிலிலேயே ஞானஸ்நானம் கொடுத்து வளர்ப்போம் என்று மாப்பிள்ளையும் பெண்ணும் சாமியாரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அப்பாவின் தொண்டையில் மாட்டிய முள் அந்தக் காகிதம்தான்.

அமெரிக்காவிலும் அதே சண்டைதான் நடந்தது. தேர்தலில் நின்றவர் ஓர் ஆர்.சி.; அவர் ஜெயித்தால் போப்தான் நாட்டை ஆளுவார் என்று அங்கே பலர் பயந்தார்கள். பதவி விஷயத்தில் போப் பேச்சைக் கேட்க மாட்டேன் என்று அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் சொன்னார்; ஜெயித்தும் விட்டார். அப்பா பேப்பரில் அதை வரி விடாமல் படித்துவந்தார். முடிவு வந்த அன்று காபியை ஆறவிட்டு அந்தச் செய்தியை இரண்டு தரம் படித்தார். பிறகு, "ஞாயித்துக்கெழம அந்தப் பையன வரச் சொல்லு," என்றார்.

கஞ்சி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார் என்னவர். அப்பா சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, அவ்ளோ பெரிய நாட்டுக்கு முன்னாடி நின்னு அந்த ஆள் வாக்குக் குடுத்தான். நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க. அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டோம்னு சொல்லுங்க. மொதப் பேரப்புள்ளைக்கு நம்ம சர்ச்ல ஞானஸ்நானம். அவ்ளோதான்."

என்னவர் என்னைப் பார்த்தார். கையெழுத்து இல்லாமல் அவர்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. கோயிலில் நடக்காத கல்யாணம் அவருடைய அம்மாவுக்குக் கல்யாணமே கிடையாது. இது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த நான், சரி என்று சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினேன். ஆமாம், நான்தான் ஆட்டினேன். அவர்மேல் பழியைப் போட எத்தனையோ தரம் முயன்று பார்த்துவிட்டேன், ஒட்டவில்லை.

"சரிங்க சார்," என்றார்.

"இன்னும் என்ன சார்? மாமான்னு கூப்பிடுங்க," என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்த மாதம் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அவரோடு போய் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். கோயிலில் கல்யாணம் என்றதும், "சாமியார் ஒத்துக்கிட்டாரா?" என்று அப்பா கேட்டார். "காலம் மாறுதுப்பா," என்றேன். அமெரிக்காவே மாறிவிட்டதே, நம்பிவிட்டார்.

கல்யாணம் முடிந்ததும் அப்பாவிடம் சொல்லிவிடுவோம் என்று அவரிடம் சொன்னேன். பிறகு கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றேன். பிறகு பிள்ளை பிறக்கட்டும் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பெண் பிறந்தாள். எட்டாம் நாள் மாமியார் அவளைக் கோயிலுக்குத் தூக்கிப்போய் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு வந்தார். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன்.

நாலாம் மாதம் அப்பாவே எங்கள் சர்ச்சில் நாள் குறித்தார். பேத்திக்கு வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார்களில் பாதிப் பேரை அழைத்தார். என் வீட்டுக்காரர் வரவில்லை. "ஒரே கொழந்தைக்கு ரெண்டு தடவ குடுக்கறது பாவம். இன்னிக்காவது போய் சொல்லிடு," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

சொல்லத்தான் போனேன். அப்பா குழந்தையை என் கையில்கூடக் கொடுக்காமல், வழியெல்லாம் அதனோடு பேசிக்கொண்டே நடந்தார். அதற்குள் சர்ச் வாசல் வந்துவிட்டது.

பாஸ்டர் புத்தகத்தைத் திறந்தார். எங்கள் முறையில் முதல் கேள்வியே அதுதான். சின்ன வயதிலிருந்து எத்தனை ஞானஸ்நானம் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் காதில் ஏறவில்லை.

"இந்தக் குழந்தை ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருக்கிறதா?"

"இல்லை," என்றார் அப்பா, கடைசி பெஞ்சு வரை கேட்கிற வாத்தியார் குரலில்.

வகுப்பில் ஒரு பையனுக்கு அரை மார்க் தப்பாகப் போட்டாலும் மறுநாள் கூப்பிட்டுத் திருத்துகிற மனிதர். அவரை ஆண்டவர் முன்னால் பொய் சொல்ல வைத்துவிட்டேன். பாஸ்டர் என் பக்கம் திரும்பினார். அப்பாவும் என்னைப் பார்த்தார், அவ்வளவு சந்தோஷமாக.

"இல்லை," என்றேன்.