குறுக்கே போன ஒயர்

அந்த மெக்கானிக்குக்கு மற்றவர்கள் வைத்த பெயர் நூல். அவர் பட்டறையில் ஸ்பேனர்கள்கூட நூல் பிடித்த மாதிரித்தான் தொங்கும். ஒரு ஒயரை அரைச் சாண் கூடுதலாக விட்டு வைப்பவனை அவர் மனுஷக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார். வீட்டிலும் இதே கதைதான். மனைவி காயப்போட்ட துணியை நேராக இழுத்துவிட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மாமனார் போனபிறகு அவருடைய பழைய கார் மாமியார் வசம் இருந்தது. அதன்மேல் நூலுக்கு ஒரு கண். சகலைக்கு இரண்டு கண். சகலை கார் ஓட்டுவதைவிடக் காரைப் பற்றிப் பேசுவதில் கெட்டிக்காரர். மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: தன் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பும்வரை மக்கர் பண்ணாவிட்டால் சாவி மூத்த மாப்பிள்ளையான நூலுக்கு, பண்ணினால் சின்னவரான சகலைக்கு.

நூல் சும்மா இருப்பாரா? கிழட்டுக் கார்புரேட்டரைக் கழற்றிப்போட்டு, பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீச்சுகிற ஏற்பாட்டைப் பொருத்தினார். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு இரண்டு சென்சார் வேண்டும். உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தைச் சொல்ல ஒன்று, அதன் சூட்டைச் சொல்ல இன்னொன்று. அழுத்தத்துக்கானதை ஒழுங்காக வைத்துவிட்டார். சூட்டுக்கானதில்தான் புத்தி போயிற்று. காற்று வரும் ரப்பர் குழாயில் வைத்தால் ஒயர் எஞ்சினுக்குக் குறுக்கே போகும், பார்க்கச் சகிக்காது. அதனால் அதே காற்று போகும், எஞ்சினை ஒட்டிய அலுமினியக் குழாயில், சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே ஓட்டை போட்டுச் சென்சாரை முறுக்கினார். ஒயரை ஓரமாக வளைத்து, அளந்து வெட்டினார். கண் படும் அழகு.

மாமியார் முன்சீட்டில், சகலை பின்சீட்டில் சாட்சியாக. சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பெட்ரோல் போட நிறுத்தி, மாமியார் இறங்கி ஏறியபின் மறுபடி சாவியைத் திருப்பினால், இரண்டு இருமல், அவ்வளவுதான்.

"அத்தை, சாவி மூத்தவருக்குக் கனமா இருந்தா சொல்லுங்க, நான் வச்சுக்கறேன்" என்றார் சகலை.

கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பினால், ஒன்றும் நடக்காதமாதிரி கிளம்பியது. மாமியார் தண்ணீர் வாங்க இறங்கியபோது மறுபடி படுத்துக்கொண்டது. அத்தை இறங்கினால்தான் வண்டிக்கு ஏக்கம் வருகிறது என்று சகலை ஒரு காரணம் கண்டுபிடித்தார். மாமியாருக்கு அது பிடித்துப்போனது.

"உங்க மாமாவும் இப்படித்தான். நான் பக்கத்துல இல்லேன்னா படுத்துக்குவார்."

அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்காமலே உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் வண்டி படுத்தது. மாமியார் முகம் இறுகியது.

நூல் பானட்டைத் திறந்து சென்சாரைத் தொட்டார். விரல் பொசுங்கியது. விரலைச் சூப்பும்போதுதான் விஷயம் உறைத்தது. வண்டி நின்றதும் குளிர்விக்கக் காற்று ஓடாமல், கீழே இருக்கும் சைலன்சர் சூட்டில் அலுமினியம் கொதிக்கிறது. சென்சார் காற்றின் சூட்டை விட்டுவிட்டு அலுமினியத்தின் சூட்டைச் சொல்கிறது. பெட்டி அதை நம்பி, சூட்டில் காற்று மெலிந்திருக்கும் என்று பெட்ரோலைக் குறைக்கிறது. பட்டினி போட்டால் எது கிளம்பும்?

சென்சாரைக் கழற்றினார். அந்த ஓட்டையை ஒரு போல்ட்டால் அடைத்தார். ரப்பர் குழாயில் கத்தியால் துளை போட்டுச் சென்சாரைச் செருகினார். அளந்து வெட்டிய ஒயர் ஓரமாக வர எட்டவில்லை. எஞ்சினுக்கு மேலே துணிக்கொடி மாதிரி கோணலாகப் போயிற்று. நடுவில் இழுத்துக் கட்ட ஒன்றும் இல்லை. மாமியார் சகலையின் ஷூவைப் பார்த்தார். சகலை முனகிக்கொண்டே கயிற்றை உருவிக் கொடுத்தார்.

அதற்குப்பிறகு எங்கே நிறுத்தினாலும் ஒரே திருப்பில் கிளம்பியது. வீடு வந்ததும் சகலை, வாய் பிளந்த ஷூவை இழுத்துக்கொண்டே வந்து, மக்கர் மக்கர்தானே என்று வாதாடினார்.

"மக்கர்தான். நீங்களா இருந்தா அங்கயே நின்னு பேசிக்கிட்டு இருந்திருப்பீங்க" என்ற மாமியார், சாவியை நூலிடம் நீட்டினார். அவர் பிடித்தபிறகும் விடவில்லை. "ஒண்ணு சொல்லிட்டேன் மாப்பிள்ளை. அழகு பண்றேன்னு அந்த ஒயர்மேல கைய வச்சீங்க, சாவி சின்னவருக்கு."

இன்றும் ஒயர் கோணலாகத்தான் போகிறது. நூல் அதன்மேல் விரல்கூட வைப்பதில்லை. சகலையின் ஷூ கயிற்றை மட்டும், இரண்டு நுனியும் சமமாக வருகிறமாதிரி இழுத்துவிட்டிருக்கிறார்.