சம்பந்தி வீட்டுச் சிறுத்தைகள்

"செத்துப்போன பிரபுக்களின்ரை கேடயத்தைப் படிச்சு ஆருக்குப் பிள்ளை சோறு போடப்போறாய்?"

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் சனிக்கிழமைகளில் வேலை செய்த அச்சகத்தின் முதலாளி அண்ணை கேட்டது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன்; அதிலும் பழைய பிரபு குடும்பங்களின் கேடயச் சின்னங்களில்தான் ஆர்வம்.

ஒருநாள் புறநகரான சார்செலிலிருந்து ஓர் அன்ரி, மகளின் கலியாண அழைப்பிதழ் அடிக்க வந்தார். மாப்பிள்ளை நோர்மண்டிக்காரர். தங்கள் மாகாணச் சின்னத்தையும் அதில் போடும்படி அவர் வீட்டார் ஆசையாகக் கேட்டிருந்தார்கள். திரையில் அதைப் பெரிதாக்கினேன். சிவப்பின்மேல் இரண்டு பொன்னிற விலங்குகள். அன்ரியின் முகம் கறுத்தது.

"உது சிங்கக் கொடியெல்லோ! உதுக்குப் பயந்துதான் வன்னியிலையிருந்து ஓடிவந்தனாங்கள். இப்ப பிள்ளையின்ரை கலியாண அழைப்பிதழிலையும் வந்து நிக்குதோ?"

"வெட்டிப்போட்டுப் பூ ஒண்டை வை பிள்ளை," என்றார் அண்ணை.

வெட்டினால் சம்பந்தி வீட்டார் மனம் நோகும். விட்டால் மண்டபம் முழுக்க இதுவே பேச்சாகும். அன்ரி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இலங்கைக் கொடியிலை சிங்கம் வாள் பிடிச்சிருக்கு அன்ரி. இதிலை வாள் இருக்கோ பாருங்கோ," என்றேன்.

குனிந்து பார்த்தார். "இல்லை."

இந்தக் கேடயச் சின்னக் கலையில் எனக்குப் பிடித்ததே இதுதான். எதையும் சும்மா வரைய மாட்டார்கள். முகம் பக்கவாட்டில் இருந்தால் சிங்கம். அதே விலங்கு நடந்தபடி நம் பக்கம் முகத்தைத் திருப்பினால் அதன் பெயர் சிறுத்தை. இந்தச் சின்னத்தைச் சொல்லில் இப்படி எழுதுவார்கள்: 'சிவப்பில், ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு பொற்சிறுத்தைகள். நாக்கும் நகமும் நீலம்.' படத்தைக் கண்டிராத ஓவியனும் இந்த ஒரு வரியைக் கேட்டு வரைந்துவிடலாம். நூற்றாண்டுகளாக அப்படித்தான் வரைகிறார்கள். நகத்தையும் நாக்கையும் திரையில் தொட்டுத் தொட்டு அன்ரிக்குச் சொன்னேன்.

"அப்ப உதுகள் எங்களையோ பாக்குதுகள்?"

"ஓம்."

"ரெண்டும் சோடியாத்தான் போகுதுகள்."

"ஓம் அன்ரி."

"முழிசிறதைப் பாத்தா என்ரை மனுசன் மாதிரியே கிடக்கு." சிரித்துவிட்டார். "இருக்கட்டும் பிள்ளை. அந்த நீல நாக்கு மட்டும் வடிவாத் தெரியவேணும். ஆரும் சிங்கக் கொடியெண்டு வாய்திறந்தா நான் காட்டுவன்."

அவர் போனபின் அண்ணை முதல் பிரதியைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கும் ஒருக்காச் சொல்லு. கேக்கிறவைக்கு நானும் விளங்கப்படுத்தவேணுமெல்லோ."

அடுத்த வாரமே, இப்படிச் சின்னங்கள் பொறித்த நோர்மண்டியின் பழைய முத்திரைகளை முதுகலைக்கு ஆராய விண்ணப்பித்தேன். இடம் கிடைத்திருக்கிறது. அங்குள்ள ரூவான் நகர ஆவணக் காப்பகத்தில் வாசகர் அட்டையும் எடுத்துவிட்டேன்.